பதினோரு சிவப்பு வட்டங்கள்

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஒரு பக்கம் மழை. அப்பாவைப் பற்றி மூன்றே வரி. விடியற்காலையில் கால் விறைத்துப் போகிறது, இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொள்கிறது என்று போகிறபோக்கில் எழுதுகிறாயே, அதை முதல் வரியில் எழுதினால் என்ன? ஃபோனில் கேட்கலாமென்றால் ஆணி ஆலை இருபது வருஷத்தில் உன் காதைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. நான் இங்கே கத்தினால் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் பதில் சொல்கிறாள்.

அப்பா கேட்டாராம், நான் ஆபீஸில் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று. பதினெட்டு வருஷம் கழித்தாவது கேட்டாரே. சத்தமாகப் படித்துக் காட்டு.

அப்பா, எங்கள் கம்பெனி செய்வது தணலி. பெயரைச் சொன்னால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதுதான் எங்களுக்கு வியாதி. முதலாளியின் அப்பா நாலு நாள் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய பெயர் அது. அதற்கு முன்னால் எந்த அகராதியிலும் கிடையாது. இப்போது எவன் செய்த சூடேற்றியையும் ஜனங்கள் தணலி என்கிறார்கள். ஒரு பெயர் ஊரார் வாயில் அப்படி விழுந்துவிட்டால், அது இனி ஒருத்தருக்கும் சொந்தமில்லை என்று கோர்ட்டு சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லவிடாமல் காப்பதுதான் எங்கள் ஐந்து பேர் வேலை. நாலாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, கதவில் 'பெயர்க் காப்புப் பிரிவு' என்று பலகை. காலையில் பத்திரிகை, வார இதழ், கடை நோட்டீஸ் எல்லாவற்றையும் விரித்துப் போட்டுக்கொண்டு சிவப்புப் பென்சிலோடு உட்காருவோம். 'தணலி' என்று வெறுமனே நின்றால் வட்டம். 'தணலி அறைச் சூடேற்றி' என்றுதான் எழுத வேண்டும், அதுதான் சட்டம். வட்டம் போட்ட தாளை மரியாதையாக ஒரு கடிதம் வைத்து எழுதினவருக்கே திருப்பி அனுப்புவோம். முத்திரை குத்தி, எண் போட்டு, நகலைப் பதிவேட்டில் சேர்ப்போம். நாளைக்குக் கோர்ட்டு, 'ஊரே உங்க பேரை அள்ளிக்கிட்டுப் போறப்ப நீங்க சும்மாதானே இருந்தீங்க' என்று கேட்டால் அந்தப் பதிவேட்டைத்தான் தூக்கிக் காட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு கதாசிரியர், கதாநாயகி தணலி முன்னால் உட்கார்ந்து அழுததாக எழுதியிருந்தார். 'தணலி அறைச் சூடேற்றி முன்னால் உட்கார்ந்து அழுதாள்' என்று திருத்தி அனுப்பினோம். நீங்கள் சொல்கிறபடி எழுதினால் அவளுக்கு அழுகையே வராது என்று பதில் போட்டார். எங்கள் தலைவி வக்கீலம்மா சிரிக்கவே இல்லை. அந்தப் பதிலுக்கும் ஒரு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்.

சரி தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அறைக்கு உடனே ஒரு தணலி வாங்கிப் போடு. எங்கள் கம்பெனியுடையதுதான் வேண்டும் என்றில்லை, ஏதாவது ஒரு தணலி போதும். ஊழியர் ஒதுக்கீட்டில் எனக்கு ஒன்று வரும், ஆனால் அது வந்து சேர ஜனவரி ஆகிவிடும். அதுவரைக்கும் அப்பா நடுங்க வேண்டாம். யோசித்துக்கொண்டே இருக்காதே, சனிக்கிழமையே வாங்கு.

உன் அக்கா


நவம்பர் 15

அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு பேருக்கு அஞ்சு பேர் காவலா? நான் அறுபது பேரை ஒத்த விசிலால மேய்ச்சவன்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினாறு வருஷம் ஆகியும் கண்டக்டர் புத்தி போகவில்லை. யார் பார்க்க வந்தாலும், "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை விடுங்க" தான். உன் கடிதத்தைத் தன் பழைய தோல் பைக்குள், டிக்கெட் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் குண்டு பல்பு கடைக்குப் போனேன். ஆலை வாசலுக்கு எதிரே மின்சாமான் கடை வைத்திருக்கிறவர், தலையில் ஒரு முடி கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே சிரித்துக்கொண்டு திரும்புவார். ஒரு தணலி வேண்டும் என்றேன். என் காதைப் பற்றித் தெரிந்தவர், அதனால் எனக்கென்று ஓர் அட்டை வைத்திருக்கிறார். அதில், 'ஒரிஜினல் தணலியா, சாதா தணலியா?' என்று எழுதிக் காட்டினார். பெட்டித் தணலி, நிற்கிற தணலி, சுவரில் மாட்டுகிற தணலி என்று ஏழெட்டு வரிசையாக இருந்தது. ஒரிஜினல் ஒன்றே ஒன்று, கண்ணாடிக்குள். நீதான் ஏதாவது போதும் என்று எழுதியிருந்தாயே. சாதா போதும் என்றேன். போட்டுக் காட்டித்தான் கொடுத்தார்.

கட்டிலுக்கு இடது பக்கம் வைத்திருக்கிறேன். முதல் நாள் அப்பா தணலியை முறைத்துப் பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். இப்போது தணலி இல்லாமல் அரை மணி இருக்க மாட்டேன் என்கிறார். நான் ஆலைக்குப் போன பிறகு மத்தியானத் தூக்கத்துக்கும் தணலி போட்டுக்கொள்கிறாராம். ஈரத் துண்டைக்கூடத் தணலியில்தான் காயப் போடுகிறார். கால் விறைப்பு இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "மக அனுப்பின தணலி" என்கிறார். வாங்கிச் சுமந்து வந்தவன் நான். இருக்கட்டும்.

தம்பி


நவம்பர் 26

தம்பிக்கு,

உறையைப் பிரித்ததும் பயந்துவிடாதே. உள்ளே இருப்பது உன் கடிதம்தான். மத்தியானத் தபாலில் ஆபீஸுக்கு வந்தது. கையில் பென்சில் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. எண்ணிப் பார், பதினோரு வட்டம். ஒரு பத்திரிகை ஆசிரியர்கூட ஒரே பக்கத்தில் ஒன்பதுக்கு மேல் வாங்கினதில்லை. பக்கத்து மேஜைக்காரி சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். மூலையில் பார், முறைப்படி முத்திரை, முறைப்படி இந்த வருஷத்து எண். 412. அப்பாவிடம் காட்டு. டிக்கெட் இல்லாப் பயணம் செய்த உன்னைப் பிடித்துவிட்டேன் என்று சொல்.

வட்டத்துக்கு மேலே எல்லாம் 'அறைச் சூடேற்றி' என்று எழுதிச் சேர்த்திருக்கிறேன். இனிமேல் அப்படித்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நோட்டீஸ் வக்கீலம்மா கையெழுத்தோடு வரும்.

அப்பாவுக்குக் கால் சூடாக இருக்கிறது என்று படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஜனவரியில் லீவு கேட்டிருக்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 9

அக்கா,

நீ வந்து போன பிறகு எழுதுகிற முதல் கடிதம். பஸ் ஏற்றிவிட வந்தும் உன்னோடு பேசாமல் நின்றேன். கோபத்தால் என்று நினைத்திருப்பாய். வாயைத் திறந்தால் எதைக் கேட்டுவிடுவேனோ என்ற பயம்தான்.

அப்பா அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இரண்டு கை அடித்தும் கட்டிலுக்கு இடது பக்கச் சுவரில் கறுப்பு மேலே வருகிறது. தோல் பை ஆணியில் தொங்கியபடியே தப்பித்துவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ வந்தபோது நான் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. டிசம்பர் பன்னிரண்டு, மத்தியானம் இரண்டு மணி. அப்பா தூங்கும்போது கம்பளியை இழுத்திருக்கிறார். கம்பளி தணலியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அது மெத்தை ஓரத்தில் முகம் குப்புற விழுந்து, விழுந்த பிறகும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. எதிர் வீட்டார் புகையைப் பார்த்து ஆலைக்கு ஓடி வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன். அதற்குள் எத்தனை நிமிஷம் போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தீயணைப்புக்காரர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒரிஜினலுக்கு அடியில் ஒரு சின்ன விசை உண்டாம், சாய்ந்தால் தானாக அணைந்துவிடுமாம். சாதாவில் அது கிடையாதாம். எனக்குத் தெரியாது. குண்டு பல்புவுக்கும் தெரியாது, தெரிந்தால் சொல்லியிருப்பார். உனக்குத் தெரியுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். கடையில் நின்று சாதா போதும் என்று சொன்னவன் நான். நான்தான் அப்பாவைக் கொன்றேனா? ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, ஒரு வார்த்தை எழுது. மிஷின் முன்னால் நிற்கும்போது இதைத் தவிர வேறு நினைப்பில்லை. இரண்டு தடவை விரலைக் கொடுக்கப் பார்த்தேன்.

தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

மிஷினிடம் ஜாக்கிரதையாக இரு. லீவு போடு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை அது. இப்போது வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது. மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

மற்ற சூடேற்றிக் கம்பெனிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டிருக்கின்றன. தணலி என்பது இனி ஊர்ச் சொல், எல்லாரும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று தீர்ப்புக் கேட்கிறார்கள். பெயர் போனால் எங்கள் பிரிவும் போகும். நான் பென்சில் பிடித்துப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. எனக்கு வேறு வேலை தெரியாது, இந்த வயதில் எவனும் கொடுக்கவும் மாட்டான்.

அப்பா போனது எப்படி என்று லீவு கடிதத்தில் எழுத வேண்டியிருந்தது. வக்கீலம்மா படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதலில் கையைப் பிடித்துக்கொண்டார், நன்றாகத்தான் பேசினார். அப்புறம் சொன்னார்: "உங்க தம்பி எங்க பேரை நம்பித்தானே கடைக்குப் போயிருக்காரு? பேரைச் சொல்லி வேற எதையோ தலையில கட்டிட்டான். பேருக்கு ஏன் காவல் வேணும்னு ஜட்ஜ் கேட்டா, இதைவிட என்ன சொல்லணும்?"

நீ தணலி கேட்டாய், எங்கள் கம்பெனியுடையது என்று நினைத்துக் கேட்டாய், கடைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் வேறொன்றைக் கொடுத்துவிட்டார். இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. அப்பா செத்ததுக்கு ஓர் அர்த்தமாவது இருக்கட்டும் தம்பி.

நவம்பரில் நான் எழுதின முதல் கடிதம் இருக்கிறதே, ஏதாவது ஒன்று போதும் என்று எழுதினது, அதைக் கிழித்துவிடு. பெயரைக் காக்க உட்கார்த்தி வைத்தவளே அப்படி எழுதினாள் என்று தெரிந்தால் என் கதை அன்றைக்கே முடிந்தது.

உன் அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

நீ எழுதினதை நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உன் முகம் மறந்து போகிறது.

குண்டு பல்பு என்னை ஏமாற்றவில்லை. ஒரிஜினலா சாதாவா என்று அட்டையில் எழுதிக் கேட்டார். செவிடனுக்கென்று அட்டை வைத்திருக்கிற மனுஷன். அப்பாவைத் தூக்கிப் போனபோது நாலு பேரில் ஒருவராகத் தோள் கொடுத்தார். அன்றையிலிருந்து கடையில் சாதாவை எல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டார், ஒன்றுகூட விற்பதில்லை. அவரைப் போய் நான் கோர்ட்டில் காட்டிக்கொடுக்கவா?

உன் பெயருக்கு வந்த ஆபத்துக்கு அப்பாவின் சாவு மருந்தா? அர்த்தமாம், அர்த்தம். மூச்சுமுட்டிச் செத்தவருக்கு என்ன அர்த்தம் வேண்டியிருக்கிறது?

கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். அப்பா கையால் பைக்குள் வைத்தது.

நான் கேட்டது இரண்டே கேள்வி. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், இரண்டுக்கும் பதில் இல்லை. உங்கள் கோர்ட்டுக்கு ஆயிரம் பதில் வைத்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லையா?

தம்பி


பிப்ரவரி 14

தம்பி,

நீ இல்லை. நான்தான்.

இதை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. எனக்குத் தெரியும். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் சோதனை அறிக்கை இருக்கிறது. பதினாறு கம்பெனிகளின் சூடேற்றிகளைச் சாய்த்துப் பார்த்து எழுதினது. சாய்ந்தும் அணையாதவை பதினான்கு. அதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, நூல் கட்டி வைத்தவளே நான். அதற்குப் பிறகுதான் ஏதாவது ஒன்று போதும் என்று உனக்கு எழுதினேன். எழுதும்போது எனக்கு அந்த அறிக்கை நினைவே இல்லை. வீட்டு நினைப்பில் எழுதினேன், வீட்டில் எல்லாரும் பேசுகிற மாதிரி எழுதினேன். அவ்வளவுதான், வேறு சமாதானம் இல்லை.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. நீ சாதா வாங்கினேன் என்று பதில் எழுதினாய். மத்தியானம் தூங்கும்போது போட்டுக்கொள்கிறார் என்றும், துண்டு காயப் போடுகிறார் என்றும் எழுதினாய். அத்தனையும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அப்போதுகூட நேரம் இருந்தது, பதினாறு நாள் இருந்தது. 'அதை உடனே எடுத்துவிடு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா இன்றைக்கும் வருகிறவர்களை உள்ளே போங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் என்ன செய்தேன்? பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். எத்தனை வட்டம் என்று எண்ணிச் சிரித்தேன்.

உனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நான். கடையில் நின்றது நீ, கொன்றது நான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். வக்கீலம்மா எழுதிக் கொடுத்த வாக்குமூலம். மேலே எழுதினதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அப்படி நினைத்துவிடாதே. கையெழுத்துப் போடாவிட்டாலும் மேலே எழுதினது எழுதினதுதான். ஆனால் தம்பி, அப்பாவும் போய், இந்த மேஜையும் போய்விட்டால், காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, வெறும் விசாரணைதான் என்று வக்கீலம்மா சொல்கிறார்.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுப் படுத்தேன். ஏழு மணி நேரம் தூங்கினேன். டிசம்பருக்குப் பிறகு நான் தூங்கினது அன்றுதான். எழுந்ததும் மறுபடி அதை எடுத்துப் படித்தேன். உன் கம்பெனி பெயருக்காகவோ உன் மேஜைக்காகவோ நான் போடவில்லை. எனக்கு அந்த ஒரு வரியைக் கொடுத்தாய், கொடுத்தவளுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. தப்பு என்று தெரிந்துதான் செய்கிறேன்.

பையிலிருந்து உன் முதல் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். சாதா என்று நான் எழுதியிருந்த கடிதமும் அதில்தானே இருந்தது, நீ வட்டம் போட்டு அனுப்பினது, அதையும் போட்டேன். இனி எங்கேயும் ஒரு துண்டுகூட இல்லை. பயப்படாதே.

வாசல் வழியாகத்தான் ஆலைக்குப் போக வேண்டும், எதிரே அவர் கடை. இன்றைக்கு ஷட்டர் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பி,

சாட்சி முடிந்ததும் கோர்ட்டிலிருந்து உன்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முன்வாசலில் நான்கு மணி வரை நின்றேன். உன் விலாசத்துக்கு இரண்டு தந்தி அடித்தேன். கிடைத்ததா?

நீ எரித்த கடிதம் அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நவம்பரில் உன் கடிதத்தில் வட்டம் போட்டு விளையாட்டுக்கு முத்திரை குத்தினேன் என்றேனே, முத்திரை குத்தின தாளை நகல் எடுத்துச் சேர்ப்பது கைப்பழக்கம். பதினெட்டு வருஷப் பழக்கம். தம்பி எழுதினது என்று யாரிடமும் சொல்லவில்லை. 412 போட்டு, துளை போட்டு, 411க்கும் 413க்கும் நடுவில் வைத்தேன். வைத்ததை மறந்தேன். எடுத்துவிட வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காத்தோம் என்று காட்ட நாங்களே அந்தப் பதிவேட்டைக் கோர்ட்டில் கொடுத்தோம். நாலாயிரம் தாள். நான்தான் பெட்டியில் அடுக்கி நூல் கட்டினேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒன்று விடாமல் படித்திருக்கிறார்கள்.

பிரிவைப் பூட்டிவிட்டார்கள். தீர்ப்பு ஜூனில். வக்கீலம்மா முகத்தைப் பார்த்தாலே தீர்ப்பு தெரிகிறது. கதவிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறேன், ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. நேற்று கடைத்தெருவில் ஒரு பெண் எனக்கு முன்னால் நின்று, "ஒரு தணலி குடுங்க" என்று கேட்டாள். கை பென்சிலைத் தேடிற்று. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

என்னைப் பற்றி எழுத வரவில்லை, விடு. பொய்ச்சாட்சி என்று உன் மேல் வழக்கு வருமாமே? நான் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். நான்தான் எழுதிக் கொடுத்தேன், நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்கிறேன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்கிறேன். ஒரு வரி எழுது தம்பி.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

தந்தி இரண்டும் வந்தன. உன் கடிதமும் வந்தது. ஆலையில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் எழுத நேரம் நிறைய இருக்கிறது.

நீ சாட்சிக் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய், என் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குக் கேட்காது என்பதால் எல்லாக் கேள்வியும் துண்டுச் சீட்டில் வந்தது. எதிர்ப் பக்க வக்கீல் நல்ல மாதிரியான மனுஷன், கையெழுத்து அழகாக இருந்தது. 'இதைப் படித்துக் காட்ட முடியுமா?' என்று ஒரு சீட்டு. கூடவே ஒரு தாள். என் கையெழுத்து. அடுப்பில் நானே போட்டு எரிவதைப் பார்த்த தாள்.

படித்தேன். அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படிக்கிற மாதிரியே படித்தேன், வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது. எவ்வளவு சத்தமாகப் படித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். "டிக்கெட் எடுத்தாச்சா" என்கிற இடத்தில் ஒருவர் சிரித்தார். 'சாதா போதும் என்றேன்' என்கிற இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். வக்கீல் இன்னொரு சீட்டு கொடுத்தார். 'தொடர்ந்து படியுங்கள்' என்று இருந்தது. முடிவு வரைக்கும் படித்தேன்.

படித்து முடித்த பிறகும் தாள் என் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. பதினோரு வட்டம். ஒன்றுகூடக் கோணவில்லை, அத்தனை கவனமாகப் போட்டிருக்கிறாய். சாதா என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டையும் நீ தொடவில்லை.

குண்டு பல்புவை விட்டுவிட்டார்கள். நான் போட்ட கையெழுத்தால் நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்திருக்கிறார், வெறும் விசாரணைதான் என்றாயே அது. கடைக்கு வைத்த சீல் இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டு நின்றேன். அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார், எனக்கென்று வைத்திருக்கிற அட்டை. 'ஏன்?' என்று எழுதி நீட்டினார். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இனி அவருக்கு அது தேவையில்லை போலிருக்கிறது.

நீ வந்து எந்தக் கோர்ட்டிலும் எதுவும் சொல்ல வேண்டாம். தெரிந்து போட்ட கையெழுத்து, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. 'நீ இல்லை, நான்தான்' என்று எழுதினாயே, அதை நம்பித்தான் அன்றைக்குத் தூங்கினேன். அந்த வரியும் அந்த வாக்குமூலமும் ஒரே உறையில் வந்தன. மனசில் இருந்ததை எழுதினாயா, கையெழுத்து வேண்டும் என்பதற்காக எழுதினாயா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. நீ சத்தியம் செய்து மறுபடி எழுதினாலும் தெரியாது. மறுபடி மிஷின் முன்னால் நின்ற நாட்களுக்கே போய்விட்டேன், மிஷின்கூட இல்லாமல்.

அதனால் இனி எழுதாதே அக்கா. வந்தாலும் படித்துக் காட்ட இங்கே அப்பா இல்லை.

தம்பி